கேஸ் சிலிண்டர் அளவுக்கு ஒரு கிடார் பெட்டி

எங்கள் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு கேஸ் சிலிண்டர் சரியாக நிற்கும். என் மின்கிடாருக்காக நான் செய்த ஸ்பீக்கர் பெட்டியின் அளவு முடிவானது அதை வைத்துத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பெரம்பூரிலிருந்து ஆராதனைக்குக் கிளம்பும்போது கிடார் முதுகில் இருக்கும். பெட்டி இரண்டு முழங்கால்களுக்கு நடுவே அடங்கிவிட வேண்டும். ஒலியியல், மரவேலை எல்லாம் அதற்கு அப்புறம்தான் வந்தன.

வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த நண்பனிடமிருந்து 15 வாட் வால்வு ஆம்ப் ஹெட் ஒன்று சல்லிசாகக் கிடைத்தது. ஆம்ப் என்பது கிடாரின் ஒலியைப் பெருக்கும் கருவி; வால்வு ஆம்பில் அந்த வேலையைக் கண்ணாடிக் குழாய்கள் செய்யும். ஹெட் என்றால் ஆம்ப் மட்டும்தான், ஸ்பீக்கர் தனி. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று போட்ட பெட்டிக்குக் கடையில் விலை கேட்டேன். ஹெட்டுக்கு நான் கொடுத்ததைவிட அதிகம் சொன்னார்கள். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்துப் பார்க்கவும் கூடாது. சுமை எதுவும் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும் ஆபத்து உண்டு. அதனால் இரண்டு மாதம் அந்த ஹெட் பீரோ மேல் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த பீரோவைப் பற்றி இன்னொரு முறை பேச வேண்டியிருக்கும்.

முதலில் ஸ்பீக்கரை வாங்கினேன். பெட்டியைச் செய்துவிட்டு ஸ்பீக்கர் தேடுவது செருப்பு வாங்கிவிட்டுக் காலைத் தேடுவது மாதிரி. தெரிந்த ஒரு வாத்தியக்காரரிடம் செலஸ்டியன் விண்டேஜ் 30, 8 ஓம், பழையது இருந்தது. பெயரில் 30 இருப்பதால் 30 வாட் என்று நினைத்துவிட வேண்டாம். அது தாங்குவது 60 வாட். என் ஆம்ப் 15 வாட் என்று அட்டையில் போட்டிருந்தாலும், வால்வு ஆம்பை முழுதாக முறுக்கினால் அதைவிட அதிகமாகவே தள்ளும். ஆம்பின் வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்கும் ஸ்பீக்கர் என்பது பொதுவாக எல்லோரும் சொல்லும் கணக்கு. இங்கே நான்கு மடங்கு இருந்தது, கவலையில்லை.

எனக்கு வாட்டைவிட முக்கியமாகப் பட்டது உணர்திறன் எண். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் இந்த ஸ்பீக்கர் 100 டெசிபல் தரும். 97 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றை இதே சத்தத்துக்குக் கொண்டுவர இரண்டு மடங்கு வாட் வேண்டும், ஏனென்றால் 3 டெசிபல் என்பது திறனில் இரட்டிப்பு. இன்னும் சத்தம் வேண்டும் என்று பெரிய ஆம்ப் தேடி அலைபவர்கள் முதலில் ஸ்பீக்கரின் தாளைப் புரட்டிப் பார்க்கலாம்.

பழைய ஸ்பீக்கர் வாங்குபவர்களுக்கு ஒரு சோதனை. கூம்பின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிராகச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். மணலைத் தேய்ப்பது போல் 'சர்ர்' என்று கேட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் உரசுகிறது, வாங்க வேண்டாம். இதில் சத்தமில்லை. மல்டிமீட்டர் 6.8 காட்டியது. 8 ஓம் ஸ்பீக்கரில் மீட்டர் 8 காட்டாது. அந்த 8 என்பது மாறுமின்னோட்டத்துக்கான கணக்கு. மீட்டர் அளப்பது கம்பியின் வெறும் மின்தடையை. ஆறரை, ஏழு என்று வந்தால் நல்லதே.

எங்கள் தெருமுனையில் மரப்பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் படத்தைக் கொண்டுபோனேன். அரை நிமிடம் பார்த்தார்.

"மைக் செட் பாக்ஸா தம்பி?"

"இல்லைண்ணே, கிடாருக்கு."

"அப்ப ட்வீட்டர் ஓட்டை எங்க? கீழ காத்துக்கு ஒரு ஓட்டை போடணுமே. பாஸ் வராது பாத்துக்க."

பத்து வருடம் மைக் செட் பெட்டி செய்தவர் கேட்கிற சரியான கேள்வி அது. ஆனால் கிடார் பெட்டியின் கதை தலைகீழ். மைக் செட் பெட்டியின் வேலை, உள்ளே போனதை அப்படியே வெளியே தருவது. கிடார் பெட்டி அப்படித் தந்தால் காது கிழியும். மின்கிடாரிலிருந்து, அதுவும் ஓவர்டிரைவ் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) போட்ட ஆம்பிலிருந்து வரும் ஒலியில் மேல் அலைவரிசைகளில் வெறும் இரைச்சல் நிறைய. 12 அங்குலக் கிடார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கைவிட்டுவிடுவதால்தான் அந்த இரைச்சல் நம் காதுக்கு வந்து சேர்வதில்லை. அங்கே ஒரு ட்வீட்டரை, அதாவது மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரை, வைத்தால் தகரத்தில் ஆணி கிழிக்கும் சத்தம் வரும். கீழ்ப்பக்கமும் அப்படித்தான். வழக்கமாக சுதி கூட்டிய கிடாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே கிடாருக்கு வேலையில்லை. அது பேஸ் கிடாருக்கும் டிரம்முக்கும் உள்ள இடம். ஆக, கிடாரின் ஸ்பீக்கரும் பெட்டியும் அந்த வாத்தியத்தின் பாகங்கள்தான். வீணைக்குக் குடம் எப்படியோ அப்படி.

அண்ணன் ஒப்புக்கொண்டாரா என்றால் இல்லை. "சரி, உன் பொட்டி" என்றார்.

அளவு இதுதான்: வெளியே அகலம் 520 மி.மீ., உயரம் 460, ஆழம் 290. சிலிண்டர் நிற்கும் இடத்தில் 290 தாராளமாக நிற்கும். பலகை 18 மி.மீ. கனம். ஸ்பீக்கர் மாட்டும் முகப்பலகையை முன்விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தேன். பின்பலகை 12 மி.மீ. இதெல்லாம் போக உள்ளே கிடைத்தது 484 × 424 × 235. பெருக்கினால் ஏறத்தாழ 48 லிட்டர். ஸ்பீக்கரும் ரீப்பர்களும் (உள்மூலைகளில் வைக்கும் மரச்சட்டங்கள்) அடைக்கும் இடத்தைக் கழித்தால் 45 லிட்டர் காற்று. ஒற்றைப் பன்னிரண்டு அங்குலத்துக்கு இது நடுத்தரம். இதைவிட மிகச் சின்னதாகச் செய்து பின்பக்கத்தை மூடினால், அடைபட்ட காற்று ஸ்பிரிங் போலக் கூம்பை எதிர்த்துத் தள்ளும். ஸ்பீக்கரின் இயல்பான ஒத்ததிர்வு மேலே ஏறிவிடும். ஒலி மூக்கடைத்தவன் பேசுவது போலாகும். கடைகளில் கிடைக்கும் சில குட்டிப் பெட்டிகளில் கேட்கும் அந்த 'டப்பா' ஒலிக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பின்பக்கம் திறப்பதா, மூடுவதா என்பதில்தான் நாள் கணக்கில் தடுமாறினேன். கூம்பு முன்னால் தள்ளும்போதே பின்னால் இழுக்கிறது. பின்னாலிருந்து வரும் அலை முன்னால் வரும் அலைக்கு நேர் எதிர். பின்பக்கம் திறந்திருந்தால் கீழ்சுரங்களில் அவை சுற்றி வந்து ஒன்றையொன்று கொஞ்சம் அழித்துக்கொள்ளும். அடியில் கனம் குறையும். ஆனால் பின்னால் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்பி அறை முழுவதும் பரவும். மூடினால் அடி கெட்டியாக, முன்னால் மட்டும் நேராக அடிக்கும்.

இந்த இரண்டு குணத்துக்கும் இரண்டு ஊர்கள் உண்டு. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் 1950களில் செய்த ஆம்ப்கள் பைன் மரப்பலகையில், மூலைகளில் விரல் கோத்தது போன்ற இணைப்புடன், பின்பக்கம் பாதி திறந்து இருந்தன. மேற்கு லண்டனின் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-இல் ஆம்ப் செய்யத் தொடங்கியபோது, அதற்குத் துணையாக வந்தது நான்கு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்களைக் கொண்ட மூடிய பெட்டி. அப்புறம் தி ஹூ இசைக்குழுவின் கிடார்க்காரர் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று எட்டு ஸ்பீக்கர்களை ஒரே பெட்டியில் போட்டுக் கேட்டார். செய்தும் கொடுத்தார்கள். தூக்கிச் சுமப்பவர்கள் புலம்பவே, அதை இரண்டு நான்காகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். மேடைகளில் பார்க்கும் அந்த அடுக்கு அப்படி வந்ததுதான். என் கேஸ் சிலிண்டர் கணக்கை யாராவது கேலி செய்தால் இந்தக் கதையைச் சொல்வேன். போகிற போக்கில் இன்னொன்று: மார்ஷலின் புகழ்பெற்ற அந்தப் பெட்டியின் மாடல் எண் 1960. அது வருடம் இல்லை. '1960-இல் செய்த பெட்டி' என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

நான் முடிவெடுக்காமல் தப்பித்தேன். பின்பலகையை மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியே கழற்றும்படி வைத்தேன்.

மரம் வாங்கும் கதைக்கு வருகிறேன். லண்டன் பெட்டிகளுக்குப் பெயர்போனது பிர்ச் பிளை. மெல்லிய அடுக்குகள், நடுவில் ஓட்டை கிடையாது. நம் ஊர்க் கடைகளில் சிலவற்றில் இறக்குமதியாகக் கிடைக்கும், முழுத் தகடாக. எனக்கு முழுத் தகடு தேவையில்லை, 18 மி.மீ. பலகை சுமார் எட்டு சதுர அடியில் முடிந்துவிடும். அதனால் ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளையில் அரைத் தகடு வாங்கினேன். அது கொதிநீரைத் தாங்கும் பசையில் ஒட்டிய ரகம். சென்னை ஈரத்துக்கு அது வீண்செலவு இல்லை. மேல், கீழ், இரு பக்கம் நான்கும் அதிலிருந்து வந்தன.

முகப்பலகைக்கு மட்டும், பரணில் கிடந்த ஒரு துண்டை எடுத்தேன். வீட்டில் அலமாரி செய்தபோது மிஞ்சியது. அரைத் தகட்டில் முகப்பலகைக்கும் இடம் இருந்தது. ஆனால் அதை வெட்டாமல் வைத்தால் பின்னால் இன்னொரு பெட்டிக்கு ஆகுமே என்று ஒரு புத்திசாலித்தனம்.

பலகைகளைப் பட்டறையில் மேசை ரம்பத்தில் வெட்டிக்கொண்டேன். கையால் வெட்டி மூலைமட்டம் வைத்துச் சரிசெய்யும் அளவுக்கு எனக்குப் பொறுமையும் இல்லை, திறமையும் இல்லை. ஒரே அமைப்பில் ரம்பத்தை வைத்து இரண்டு பக்கப் பலகைகளையும் அடுத்தடுத்து வெட்டச் சொல்லுங்கள்; அளவு தவறாக இருந்தாலும் இரண்டும் ஒரே தவறாக இருக்கும், பெட்டி கோணாது.

மூலைகளில் விரல் கோர்க்கும் இணைப்பு வேண்டும் என்று ஆசை இருந்தது. அண்ணன் கூலி சொன்னார், ஆசை போய்விட்டது. பலகையோடு பலகையை நேராக முட்டி, உள்மூலையில் 20 மி.மீ. சதுர ரீப்பர் வைத்து, ஃபெவிகால் போட்டுத் திருகினால் போதும் என்றார். நான் வெளியிலிருந்து ஸ்க்ரூ போடத் துளைக்கு அடையாளம் வைத்திருந்தேன். அதைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"விளிம்பை உருட்டணும்னு சொன்னியே. ரௌட்டர் ஓட்டறப்ப இந்த ஸ்க்ரூ மேல பட்டா பிட்டு தெறிச்சு மூஞ்சில அடிக்கும். உள்ள இருந்து போடு."

ரௌட்டர் என்பது விளிம்பைச் செதுக்கும் மின்கருவி, பிட்டு அதன் சுழலும் வெட்டுமுனை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரி. 12 மி.மீ. ஆரத்தில் விளிம்பை உருட்டினால், பலகை விளிம்பிலிருந்து 9 மி.மீ. தள்ளி வெளியிலிருந்து இறங்கும் ஸ்க்ரூ தலை அந்த வெட்டின் வழியிலேயே வரும். உள்ளேயிருந்து, ரீப்பர் வழியாக, 32 மி.மீ. ஸ்க்ரூ: 20 ரீப்பருக்கு, 12 பலகைக்குள். வெளியே தலைகாட்டாது. மெல்லிய துளை முதலில் போடாமல் பிளையின் ஓரத்தில் ஸ்க்ரூ இறக்கினால் அடுக்குகள் பிரிந்து உப்பிக்கொள்ளும் என்பதை ஒரு கழிவுத் துண்டில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஒட்டிய உடனே மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தேன். 3 மி.மீ. வித்தியாசம். நீளமான மூலைகள் இரண்டுக்கும் ஒரு கயிறு கட்டி, நடுவே ஸ்க்ரூடிரைவரைச் செருகி முறுக்கினால் பெட்டி மெல்ல நேராகும். பசை காயும்வரை அந்தக் கயிறு அப்படியே இருக்கட்டும். பெரிய கிளாம்ப் வாங்கக் காசில்லாதவர்களுக்குக் கயிறுதான் கிளாம்ப்.

அடுத்து வட்டம். செலஸ்டியன் தரும் அளவுப்படி துளையின் விட்டம் 283 மி.மீ. ஒரு மரப்பட்டையின் ஒரு முனையில் ஆணி, அங்கிருந்து 141.5 மி.மீ. தள்ளிப் பென்சில். கோடு போடுவது சுலபம். ஜிக்சாவை அந்தக் கோட்டில் ஓட்டுவதுதான் வேலை. வளைவில் அவசரப்பட்டால் பிளேடு அடியில் சாய்ந்துபோகும், மேலே வட்டமும் கீழே கோழிமுட்டையும் கிடைக்கும். எனக்கு ஓரிடத்தில் 2 மி.மீ. வெளியே போனது. ஸ்பீக்கரின் விளிம்பு 309 மி.மீ. என்பதால் மறைந்துவிட்டது.

வட்டத்தை வெட்டி எடுத்ததும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வெட்டிய ஓரத்தில், கீழ் இடப்பக்கமாக, பிளையின் நடு அடுக்கில் ஒரு சின்ன இடுக்கு. தீக்குச்சி நுழையும் அளவு. மரப்பட்டியை (புட்டி) எடுத்து அழுத்தித் தடவி, உப்புத்தாள் போட்டேன். இடுக்கு தெரியவில்லை. திருப்தி.

ஸ்பீக்கரை உள்ளே இருந்து மாட்டினேன். முன்பக்கம் எம்5 டீ-நட்களை (மரத்தில் பதியும் பல் வைத்த நட்கள்) அடித்து, பின்னாலிருந்து போல்ட். வெறும் மரத்திருகு வேண்டாம். நான்கு முறை கழற்றி மாட்டினால் துளை தளர்ந்துபோகும், ஸ்பீக்கரோ ஐந்து கிலோவுக்குப் பக்கம். போல்ட் துளைகள் அமையும் வட்டம் 297 மி.மீ. என்பதால் போல்ட் துளைக்கும் ஸ்பீக்கர் ஓட்டைக்கும் நடுவே நான்கு மி.மீ. மரம்கூட மிஞ்சாது. துளையிடும்போது பின்னால் ஒரு கட்டையை அண்டக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மெல்லிய கரை பிய்ந்துவிடும். போல்ட்டைக் கார் சக்கரத்துக்கு முறுக்குவது போல எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் சட்டம் வளையும். சட்டம் வளைந்தால் கம்பிச்சுருள் உரசும்.

முகப்பலகைக்கு முன்பக்கம் பளபளப்பில்லாத கறுப்பு அடித்து, ரிச்சி தெருவில் வாங்கிய ஸ்பீக்கர் துணியை இழுத்துப் பின்பக்கம் ஸ்டேப்ளர் அடித்தேன். கறுப்பு அடிக்காவிட்டால் துணி வழியாக வெள்ளை மரம் பல்லிளிக்கும். முகப்பலகை முன்னாலிருந்து வந்து ரீப்பரில் அமரும். ரீப்பர் வழியாகப் பின்னாலிருந்து ஸ்க்ரூ. அதைப் பசை போட்டு ஒட்டவில்லை. இந்தப் பெட்டியில் நான் செய்த மிக நல்ல காரியம் அது, அதுவும் சோம்பலில் செய்தது.

மேலுக்கு டோலெக்ஸ் (வெளிநாட்டு ஆம்ப்களைப் போர்த்தும் வினைல்) என்று தேட வேண்டாம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் சீட்டுக்குத் தைக்கும் ரெக்சின் போதும். சொரசொரப்பான கறுப்பு, இரண்டு மீட்டர். ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்ஆர் பசை. மரத்திலும் ரெக்சின் பின்பக்கத்திலும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு, அப்புறம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தால் சேர்ந்ததுதான், நகர்த்த முடியாது. அதனால் நடுவில் பழைய செய்தித்தாளை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே அழுத்தினேன். நான் ஒட்டிய நாள் ஐப்பசி மழை. பத்து நிமிடத்தில் காய வேண்டிய பசை அரைமணி நேரம் பிசுபிசுத்தது. பொறுமையில்லாமல் ஒட்டிய அடிப்பக்கம் இரண்டே நாளில் குமிழி விட்டது. அடிப்பக்கம் யாரும் பார்ப்பதில்லை. இன்றும் அந்தக் குமிழி அங்கேதான் இருக்கிறது.

வயரிங் ஐந்து நிமிட வேலை. 16 கேஜ் வயர், கால் அங்குல மோனோ ஜாக், அதன் நுனி ஸ்பீக்கரின் பிளஸ்ஸுக்கு. சரிபார்க்க, ஜாக்கில் ஒரு வயர் செருகி 9 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பிளஸ் நுனியில் பட்டால் கூம்பு முன்னால் குதிக்க வேண்டும். ஹெட்டிலிருந்து பெட்டிக்குக் கிடார் கேபிளைப் போடாதீர்கள். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் கிடார் கேபிளின் நடுக்கம்பி தலைமுடி போல மெல்லியது, அது சின்ன சமிக்ஞைக்காகச் செய்தது. வால்வு ஆம்பின் வெளியீட்டை அதில் விட்டால் கேபிள் சூடாகும். அறுந்தால் ஆம்ப் சுமையில்லாமல் நிற்கும்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முதல் ஒலி. இ கம்பி, கனமாக, வயிற்றில் தட்டியது. ஏ கம்பி, அருமை. டி கம்பியை விரல் வைக்காமல் மீட்டினேன்.

'ர்ர்ர்ர்ர்.'

சுரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு வண்டின் சத்தம். மெதுவாக வாசித்தால் இல்லை, ஆம்பை ஏற்றினால் வருகிறது. ஸ்பீக்கர் போச்சு, பழையதை வாங்கி ஏமாந்தோம் என்று முதலில் தோன்றியது. கழற்றி, வெறுமனே தரையில் நிமிர்த்தி வைத்து இணைத்துப் பார்த்தால் சத்தம் இல்லை. ஆகக் குற்றவாளி மரம்.

அடுத்த மூன்று மாலைகள் இதிலேயே போயின. கைப்பிடியைக் கழற்றினேன். ரப்பர் கால்களை இறுக்கினேன். ஸ்பீக்கரின் வயர் கூம்பைத் தொடுகிறதா என்று பார்த்து நூலால் கட்டினேன். பின்பலகைத் துண்டுகளுக்கு நடுவே கதவிடுக்கில் ஒட்டும் ஸ்பாஞ்ச் டேப் ஒட்டினேன். எல்லாம் செய்தும் வண்டு போகவில்லை.

அப்புறம் கிடாரை ஓரம் வைத்துவிட்டு, கைப்பேசியில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றை இறக்கி ஆம்பில் செருகினேன். 70 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல மேலே. 140 தாண்டியதும் வண்டு விழித்தது, 155-இல் தூங்கியது. டி கம்பி 147. அந்த எண்ணிலேயே நிறுத்திவைத்துவிட்டு, பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு இடமாகக் கட்டைவிரலால் அழுத்தினேன். மேல், பக்கம், மூலை. துணியின் மேலேயே, வட்டத்தின் கீழ் இடப்பக்கம் அழுத்தியதும் சத்தம் நின்றது. விட்டால் வந்தது. அழுத்தினால் நின்றது.

தீக்குச்சி இடுக்கு. பட்டி தடவி மூடிய அதே இடம்.

முகப்பலகையை வெளியே எடுத்தேன். மெல்லிய கம்பி ஒன்றை இடுக்கில் விட்டுப் பார்த்தால் ஏழு சென்டிமீட்டர் உள்ளே போகிறது. நடு அடுக்குப் பட்டைகள் ஒன்றோடொன்று சேராமல் விட்ட இடைவெளி; அதற்கு மேலே இருக்கும் மெல்லிய அடுக்கு ஒட்டுப் பிரிந்து நாக்கு போல அடித்துக்கொண்டிருக்கிறது. நான் வைத்த பட்டி இரண்டு மி.மீ. கனத்துக்கு ஒரு மூடி, அவ்வளவுதான். டீ-நட் ஒன்றும் சரியாக அந்த இடைவெளியின் ஓரத்தில் இறங்கியிருந்தது. அலமாரிக்கு இந்த இடைவெளியால் எந்தக் குறையும் இல்லை. அலமாரி பாடுவதில்லை.

புது முகப்பலகை வெட்டுவதுதான் முறை. ஆனால் துணியைப் பிரித்து மறுபடியும் வட்டம் வெட்ட மனம் வரவில்லை. மருந்துக்கடையில் தடித்த ஊசியுடன் சிரிஞ்ச் வாங்கினேன். அரால்டைட்டைக் கலந்து, சுடுநீர்க் கிண்ணத்தில் அதன் கோப்பையை வைத்து இளக்கி, ஓரத்து இடுக்கு வழியாக ஏற்றினேன். காற்று வெளியேற மறுமுனையில் 3 மி.மீ. துளை. அந்தத் துளையில் பசை எட்டிப் பார்க்கும்வரை ஏற்றி, இருபக்கமும் பாலிதீன் வைத்து இரண்டு சி-கிளாம்பால் இறுக்கி ஒரு இரவு விட்டேன். சுட வைத்த அரால்டைட் சீக்கிரம் இறுகும். இரண்டாவது சிரிஞ்ச் பாதியிலேயே கல்லாகிவிட்டது. மூன்று வாங்கி வையுங்கள்.

மறுநாள் 147 சுத்தம். அதே வேகத்தில் மொத்த அளவையும் ஓட்டிப் பார்த்தபோது 92-இல் இன்னொரு 'ர்ர்ர்'. எனக்கு உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. பெட்டியை எங்கே அழுத்தினாலும் நிற்கவில்லை. சமையலறையிலிருந்து வந்த என் மனைவி, "பீரோ கதவு ஆடுது, அதைச் சாத்துங்க முதல்ல" என்றாள். சாத்தினேன். நின்றது.

இப்போது பலகை வாங்கப் போனால் காதை வைத்து வாங்குகிறேன். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல விரல் மூட்டால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனால், இடைவெளி உள்ள இடத்தில் ஒலி பொத்தலாக மாறும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

பின்பலகைச் சோதனை இரண்டு வாரம் நடந்தது. மூன்று துண்டும் மூடியிருந்தபோது அடி கெட்டி, தடித்த ஓவர்டிரைவுக்கு அற்புதம். ஆனால் ஆராதனையில் முன்வரிசைக்கு மட்டும் காது அடைத்தது, பக்கவாட்டில் உட்கார்ந்தவர்களுக்குக் கிடாரே இல்லை. மூன்றையும் கழற்றினால் காற்றோட்டமாக, இனிமையாக, ஆனால் தாளம் அடிக்கும்போது இடுப்பில்லாமல் இருந்தது. நடுத்துண்டை மட்டும் எடுத்தபோது இரண்டும் கிடைத்தன: கீழே கொஞ்சம் கனம், அறை முழுக்கப் பரவல். பெட்டியைச் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி வைக்க வேண்டும். ஒட்டி வைத்தால் பின்னால் வரும் ஒலிக்குப் போக இடமில்லாமல் குழம்பிவிடும்.

இன்னொரு சின்ன ஏற்பாடு. 30 செ.மீ. அகலக் கூம்புக்கு 2,000, 3,000 ஹெர்ட்ஸ் அலைகள் ரொம்பச் சின்னவை, 17 செ.மீ., 11 செ.மீ. அப்படிப்பட்ட அலைகள் டார்ச் வெளிச்சம் போல நேராக மட்டுமே போகும். பெட்டி தரையில், காது ஐந்தடி உயரத்தில். வாசிப்பவன் கேட்பது மழுங்கலாக இருக்கும், உடனே ட்ரெபிளை (மேல் ஒலியை ஏற்றும் திருகு) கூட்டுவான். எதிரே உட்கார்ந்திருப்பவர் காதில் கத்தி. முன்விளிம்புக்கு அடியில் ஒரு ஆப்புக்கட்டை வைத்துச் சாய்த்துவிட்டேன். ட்ரெபிள் மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது, போதகர் நன்றி சொன்னார்.

குளியலறைத் தராசில் தூக்கி நின்று என் எடையைக் கழித்தேன்: 17 கிலோ. ஸ்பீக்கரைச் சேர்க்காமல் மரம், ரெக்சின், துணி, ஜாக், கைப்பிடி, கூலி எல்லாமாக நாலாயிரத்து முந்நூறு ரூபாய் ஆனது. சிரிஞ்சும் அரால்டைட்டும் தனி. ஸ்கூட்டரில் ஏற்றிய முதல் ஞாயிறு, பட்டறை அண்ணன் டீக்கடையிலிருந்து கையசைத்து நிறுத்தினார். பெட்டியின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

"பாஸ் வருதா?"

"வருதுண்ணே."

நம்பவில்லை. ஆராதனைக்கு நேரமாகிவிட்டதால் வாசித்துக் காட்ட முடியவில்லை. கழற்றிய நடுத்துண்டு இப்போது சமையலறையில் மிக்சிக்கு அடியில் இருக்கிறது. ஸ்பாஞ்ச் டேப் ஒட்டியிருப்பதால் மிக்சி அதிர்வு குறைந்துவிட்டதாம். திருப்பிக் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.